பவளத் தொட்டியில் பாறை அமைப்பது: கல் தேர்விலிருந்து முதல் பவளம் ஒட்டுவது வரை

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் விளக்குக்கும், தண்ணீரிலுள்ள அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். பாறையை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அடுக்கி முடித்துவிடுவார்கள். நியாயமாக இது தலைகீழாக இருக்க வேண்டும். விளக்கு பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். பம்ப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பாறை அப்படியில்லை. பவளங்கள் அதில் வேர்பிடித்து, ஒவ்வொரு மீனும் ஒரு பொந்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு கல்லை நகர்த்த நினைத்தாலே தொட்டி முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கும்.

அடுக்குவது கல்லை என்றாலும், திட்டம் போட வேண்டியது கற்களுக்கு நடுவிலுள்ள காலி இடத்துக்குத்தான். தண்ணீர் ஓடுவது, மீன் நீந்துவது, பவளம் கிளை விடுவது எல்லாம் அங்கேதான். விரல் நீளத்துக்கு வாங்கி ஒட்டும் அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல் பவளத்தின் துண்டு, நல்ல தொட்டியில் மூன்று வருஷத்துக்குள் இரண்டு கையாலும் பிடிக்கும் அளவுக்குப் பெருத்துவிடும். அதற்கான இடத்தை இன்றே விட்டு வைக்க வேண்டும். முதல் நாள் பார்க்க வருகிறவர் “என்ன, இவ்வளவுதானா கல்?” என்று கேட்டால், அமைப்பு சரியாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். கொள்ளளவு சுமார் 450 லிட்டர். 12 மி.மீ. கண்ணாடி என்றால் உள்ளே கிடைக்கும் நீளம் ஏறக்குறைய 119 செ.மீ., அகலம் 58 செ.மீ.; கொஞ்சம் விட்டுக் கணக்குக்கு 117, 57 என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் தொட்டி சிறியதாக இருந்தால் அளவுகளை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். கண்ணாடியிலிருந்து விடும் இடைவெளியை மட்டும் குறைக்காதீர்கள்.

சுவர்போல் அடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் வைத்துப் பவளங்களையும் மீன்களையும் வளர்க்கும் முறையை உலகுக்கு எழுதிக் காட்டினார். பின்னால் ஜெர்மன்காரர்கள் இந்த உயிருள்ள பாறையான லைவ் ராக்குடன் புரோட்டீன் ஸ்கிம்மரையும் சேர்த்து வளர்த்த முறைக்குப் பெர்லின் முறை என்று பெயர் வந்தது. இரண்டிலும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் முக்கிய வேலை பாறையினுடையது. கல்லின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வாழ்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும்.

அதனால் கல் கூடினால் தண்ணீர் சுத்தமாகும் என்ற கணக்கு வந்தது. ஒரு காலனுக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு என்பது அந்தக் காலத்து விதி. நம் 450 லிட்டருக்கு அது 54 கிலோவிலிருந்து 108 கிலோ வரை போகும். அவ்வளவு கல்லையும் பின்கண்ணாடியில் சாய்த்து மேலேவரை அடுக்கினால் கிடைப்பது ஒரு சுவர். அதன் பின்பக்கம் தண்ணீர் ஓடாது. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அங்கே தேங்கி அழுகும். கல்லின் துளைக்குள் பாக்டீரியா இருந்தும், தண்ணீர் அதை எட்டாவிட்டால் பயனில்லை. நல்ல ஸ்கிம்மரும், தண்ணீரைத் தள்ளிச் சுழற்றும் வேவ்மேக்கரும் எளிதில் கிடைக்கும் இன்றைக்கு, துளை நிறைந்த கல் 25 முதல் 30 கிலோ இருந்தால் இந்தத் தொட்டிக்குப் போதும். போதாது என்று தோன்றினால் மிச்சக் கல்லைச் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) போடுங்கள்.

படி 1: கல்லைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் இருப்பவர்களுக்கு முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். 2001-இல் கல் பவளங்கள் அனைத்தும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ பவளக் கல் எடுப்பதும், அப்படி எடுத்ததை வாங்குவதும் குற்றம். செத்த பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அந்தக் கல் நமக்கு வேண்டாம். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப் பாறைகளை வெட்டி எடுத்த கடல் அது. அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்குள். “ராமேஸ்வரத்துக் கல், மலிவாகத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி கிடைப்பவை இவை. நிலத்துக்கு அடியில் புதைந்து போன பழங்காலப் பவளத்திட்டிலிருந்து, முக்கியமாக ஃபுளோரிடாவில், வெட்டியெடுக்கும் டிரை ராக். தொழிற்சாலையில் வார்த்து ஊதா நிறம் பூசிய செயற்கைக் கல். சுட்ட செராமிக் கல். இவை தவிர, இன்னொருவர் தொட்டியில் பல வருஷம் ஊறிய பழைய கல்லும் விற்பனைக்கு வரும். என் ஓட்டு டிரை ராக்குக்கு. உளியால் உடைக்கலாம், துளையிடலாம், ஒட்டலாம். பிடிக்காத பூச்சியோ பாசியோ கூடவே வராது. அதிலுள்ள ஒரே கஷ்டம், உயிரில்லாத கல்லாகத் தொடங்குவதால் தொட்டி நிலைகொள்ளப் பல மாதம் பிடிக்கும் என்பதுதான். பழைய தொட்டியிலிருந்து கைப்பிடி அளவு நல்ல லைவ் ராக் கிடைத்தால் சம்ப்பில் போட்டு வையுங்கள். அதிலிருந்து நுண்ணுயிர்கள் பரவும்.

என்ன கல் என்று தெரியாமல் ஒன்று கையில் வந்தால் இரண்டு சோதனை போதும். சமையலறை வினிகரைக் கல்லின் உடைந்த முகத்தில் நான்கு சொட்டு விட்டுக் காதருகே பிடியுங்கள். சுண்ணாம்புக் கல்லென்றால் மெல்லிய சலசலப்போடு நுரை எழும். கருங்கல்லோ எரிமலைக் கல்லோ அசையாது. பளிங்கும் நுரைக்கும் என்பதால் அடுத்த சோதனையும் வேண்டும். கல்லைக் காய்ந்த நிலையில் எடைபோட்டு, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி எடைபோடுங்கள். எது அதிகத் தண்ணீர் குடிக்கிறதோ அதில் துளை அதிகம். கையில் எடுத்ததும் ‘பெரிய கல்தான், ஆனால் கனமில்லையே’ என்று தோன்றும் கல்தான் நமக்கு வேண்டியது.

கடையில் தேர்ந்தெடுக்க விட்டால், உருண்டைக் கல்லைத் தவிர்த்து, தட்டையாகவும் நீளமாகவும் கிளைத்தும் இருப்பவற்றை எடுங்கள். அடிக்கல்லுக்கு மூன்று நான்கு பெரிய துண்டுகள், படிக்கட்டுபோல் நீட்ட ஐந்தாறு பலகைத் துண்டுகள், இடுக்கு அடைக்கக் கொஞ்சம் சில்லு. இவ்வளவு போதும்.

படி 2: சுத்தம் செய்து ஊறவைப்பது

டிரை ராக்கைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கடல் உப்புத் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு பவர்ஹெட்டோடு (சிறிய சுழற்சிப் பம்ப்) இரண்டு மூன்று வாரம் போட்டு வையுங்கள். செத்துப்போன பழைய உயிர்ப்பொருள் கல்லுக்குள் இருந்தால் அது பாஸ்பேட்டாகக் கசியும். வாரம் ஒருமுறை பாஸ்பேட் சோதித்து, 0.1 பி.பி.எம்.முக்கு மேல் ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். ஆசிட்டில் முக்கி மேல் அடுக்கைக் கரைக்கும் வழியும் உண்டு. வேகமான வழிதான், ஆனால் புகையும் தெறிப்புமாக இருக்கும் அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்பேன். பொறுமையாக ஊறவைத்தாலே நடக்கிற காரியம் அது. ஊறிய பிறகு வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரக் கல்லில் வேலை செய்வது கடினம்.

பழைய லைவ் ராக் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. கல்லை ஒருபோதும் வெந்நீரில் கொதிக்கவைக்காதீர்கள். சோவாந்தஸ், பேலித்தோவா வகைப் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கலாம். அவை ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் மொத்தமாக மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் உண்டு. கையுறை, கண்ணாடி இல்லாமல் அந்தக் கல்லைத் தேய்க்கவும் கூடாது.

படி 3: யார் குடிவரப் போகிறார்கள்?

காகிதத்தில் கோடு போடுவதற்கு முன் மீன், பவளப் பட்டியலை எழுதுங்கள். பாறையின் வடிவத்தைத் தீர்மானிப்பது அந்தப் பட்டியல்தான்.

மஞ்சள் டேங் பகலெல்லாம் நீந்தும். அதற்குக் கண்ணாடி ஓரமாகச் சுற்றிவர ஒரு வட்டப்பாதையும், இரவில் உடலைச் செருகிக்கொள்ள ஒரு குறுகிய வெடிப்பும் வேண்டும். ராயல் கிராமா நீட்டிய கல்லுக்கு அடியில் வாழும். கூரையைத் தரையாக நினைத்துத் தலைகீழாக நீந்தும் அதன் அழகைப் பார்க்க, முன்பக்கம் திறந்த ஒரு கவிகை வேண்டும். கிளீனர் இறாலும் அதே கவிகையில் தொங்கும். ஃபேரி ராஸ் வகைகள் இரவில் கல்லிடுக்கில் சளிக்கூடு கட்டித் தூங்கும். ஹாலிகோரஸ் ராஸ் மணலுக்குள் புதையும், அதற்கு 5 செ.மீ. ஆழ மணல்வெளி வேண்டும். மாண்டரின் மீனுக்குக் கல்லிடுக்கில் பெருகும் கோப்பிபாட் என்ற நுண்ணுயிர்தான் சோறு. அதை வளர்க்க நினைத்தால், ஓர் ஓரத்தில் சில்லுக் கற்களை மற்ற மீன் நுழைய முடியாதபடி குவித்து வையுங்கள்.

பவளங்களுக்கு ஒளியும் சண்டையும் கணக்கு. மென்பவளங்களும் காளான் பவளங்களும் 50 முதல் 100 பார் (PAR, பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு) ஒளியில் நிம்மதியாக இருக்கும். ஹேமர், டார்ச் போன்ற பெரிய பாலிப் பவளங்களுக்கு 75 முதல் 150. அக்ரோபோராவுக்கு 250-க்கு மேல். அப்படியானால் உச்சியில் அக்ரோபோராவுக்குத் தட்டையான இடம், நடுவில் ஹேமர், டார்ச் போன்ற யூஃபிலியா வகைகளுக்கு அகலமான படி, அடியில் நிழல். மாண்டிபோரா கேப்ரிகார்னிஸ் தட்டுத் தட்டாக விரிந்து கீழே உள்ளவற்றின் ஒளியை மறைக்கும். அதை உச்சியில் நடுவாக வைக்கக் கூடாது. காலாக்சியா இரவில் நீட்டும் கொடுக்குக் கைகள் ஒரு சாண் தூரத்துக்குமேல் எட்டும். டார்ச்சும் அண்டை வீட்டைச் சுடும். இந்த இரண்டுக்கும் சுற்றிலும் வெற்றுக் கல் விட வேண்டும்.

பச்சை நட்சத்திரப் பாலிப்பும் ஸீனியாவும் வேண்டுமென்றால், முதன்மைப் பாறையைத் தொடாத தனிக் கல் ஒன்று மணல் நடுவில் இருக்கட்டும். பெரிய பாறையில் ஏறிவிட்டால் பிறகு இறக்க முடியாது. குமிழ்நுனி அனிமோனுக்கும் தனித் தீவு நல்லது. காலைச் செருக ஆழமான வெடிப்பும் மேலே வெளிச்சமும் கிடைத்தால் அது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். நடந்தாலும் மணலைத் தாண்டத் தயங்கும்.

படி 4: காகிதத்தில் வடிவம்

இயற்கையான பவளத்திட்டில், அலை மோதும் வெளிச்சரிவில் பாறை முகடுகளும் அவற்றுக்கு நடுவே மணல் ஓடைகளும் மாறி மாறி வரும். உள்பக்கக் காயலின் மணல்வெளியில் தனித்தனிக் குன்றுகள் நிற்கும். நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்யும் இரட்டைத் தீவு அமைப்பு இந்த இரண்டையும் கலந்தது: ஒரு பெரிய குன்று, ஒரு சிறிய குன்று, நடுவில் மணல் ஓடை.

117 செ.மீ. நீளத்தை இப்படிப் பிரியுங்கள். இடப்பக்கம் 12 செ.மீ. காலி. பெரிய தீவு 48 செ.மீ. ஓடை 17 செ.மீ. சின்னத் தீவு 28 செ.மீ. வலப்பக்கம் மறுபடி 12 செ.மீ. காலி. முன்கண்ணாடியிலிருந்தும் 12 செ.மீ. விடுங்கள். பின்னால் 7 செ.மீ. குறைந்தபட்சம். கண்ணாடி துடைக்கும் மேக்னட் கிளீனரைப் பிடித்த கை போய்வரும் இடம் அது. பவளம் கண்ணாடியை நோக்கி வளர்வதும் அந்த இடத்தில்தான்.

பெரிய தீவின் உச்சி தொட்டியின் நடுவில் வரக் கூடாது. 1:1.618 என்ற பொன்விகிதப்படி இடது ஓரத்திலிருந்து 45 செ.மீ. தள்ளி வரட்டும். உயரம் அடிக்கண்ணாடியிலிருந்து 33 முதல் 35 செ.மீ. சின்னத் தீவு 18 முதல் 20. இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால் கண் எதில் தங்குவது என்று தெரியாமல் அலையும். உச்சிக்கு மேலே 20 செ.மீ. தண்ணீர் இருக்கும், அது அக்ரோபோரா வளர்வதற்கு ஒதுக்கியது. அந்த உயரம் வெறுமையாகத் தெரிகிறதே என்று இன்னொரு கல்லை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள்.

ஓடையை நேராக விடாமல் சற்றுக் கோணலாக, முன்பக்கம் அகலமாகவும் பின்னால் ஒடுங்கியும் விட்டால் இரண்டடி அகலத் தொட்டி மூன்றடி ஆழமாகத் தெரியும். பெரிய, கரடுமுரடான கல் முன்னால், சிறியது பின்னால் என்பதும் அதே வித்தைதான். நன்னீர்த் தொட்டிக் கலையில் தகாஷி அமானோ பெயர் பெறச் செய்த கல்லமைப்பில் கற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும். ஒரு கல் தலைமை தாங்கும், மற்றவை அதற்கு அடங்கி நிற்கும். கடல் தொட்டிக்கும் அந்த ஒழுங்கு பொருந்துகிறது. ஆனால் அங்கே கல்லே இறுதிக் காட்சி. இங்கே கல்லை ஒருநாள் பவளம் மூடிவிடும் என்பதால், கல்லின் முக அழகைவிட அதன் வெளிக்கோட்டுக்கே கவனம் கொடுங்கள்.

கற்களை ஒட்டி அந்தரத்தில் நீட்டி, காலி இடத்தையே காட்சியாக்கும் பாணி ஒன்று சில வருஷங்களாகப் பிரபலம். மெல்லிய கைகள்போல் கல் வளைந்து நிற்கும். நீரோட்டத்துக்கு அருமையான அமைப்பு. அதன் நுனிகளில் என்ன வைக்கிறோம் என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கனத்த பவளம் நுனியில் வளர்ந்தால் இரண்டு வருஷம் கழித்து ஒட்டு விட்டுக்கொடுக்கும்.

படி 5: அட்டைப்பெட்டியில் ஒத்திகை

தொட்டியின் உள்ளளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை வெட்டுங்கள். அல்லது தரையில் டேப் ஒட்டி எல்லை குறியுங்கள். சுற்றிலும் விட வேண்டிய இடைவெளிக்கு உள்ளே இன்னொரு டேப் ஒட்டுங்கள். அந்த உள்கோட்டைத் தாண்டி ஒரு கல்லும் போகக் கூடாது. இரண்டு அங்குலத்துக்கு ஆற்றுமணலைப் பரப்பிவிட்டால் கல் உருளாமல் நிற்கும்.

அடுக்கியதைத் தொட்டி வைக்கப்போகும் உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிறமும் விவரமும் போய் வெளிக்கோடு மட்டும் நிற்கும். அந்தக் கோடு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் வேறு சரிவில் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சரிவென்றால் கோபுரம் மாதிரித் தெரியும். அப்படியே சில நாள் விட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் பாருங்கள். முதல் நாள் பிடித்த அமைப்பு மூன்றாம் நாள் பிடிக்காமல் போவது சகஜம். இந்த அவகாசத்தைக் குறைக்க வேண்டாம். செலவில்லாமல் மாற்ற முடிகிற கடைசிக் கட்டம் இது.

கல் சரியாக உட்காரவில்லை என்றால் உளி வைத்து உடைக்கத் தயங்காதீர்கள். கல்லிலேயே ஓடும் வெடிப்பைத் தேடி அதில் உளியை வைத்தால் சுத்தமாகப் பிளக்கும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். அடிக்கல்லின் அடிப்பக்கத்தைச் சமமாகச் செதுக்குவது இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும்.

படி 6: ஒட்டுவது

தொட்டிக்கு வெளியே ஒட்டி, துண்டு துண்டாக உள்ளே இறக்குவதுதான் என் முறை. பெரிய தீவு இரண்டு துண்டு, சின்னத் தீவு ஒரு துண்டு. ஒவ்வொன்றும் 12 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒருவர் தூக்கி இறக்கவும், நாளை ஒரு முரட்டு மீனைப் பிடிக்க வேண்டிவந்தால் வெளியே எடுக்கவும் அந்த எடைதான் வசதி.

சுமை தாங்கும் இணைப்புக்கு அக்ரிலிக் அல்லது ஃபைபர் கம்பி. இரண்டு கல்லிலும் எதிரெதிரே 10 மி.மீ. கான்கிரீட் பிட்டால் துளையிட்டு, கம்பியைச் செருகி இறுக்க வேண்டும். டிரில்லைச் சுத்தியல் முறையில் ஓட்டாதீர்கள், துளைக்கல் பிளந்துவிடும். மெதுவான வேகத்தில் தானாக இறங்கட்டும். எந்த உலோகக் கம்பியும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் என்று விற்பதும் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும்; பித்தளையிலும் செம்பிலும் கசியும் செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

மற்ற இணைப்புகளுக்கு சூப்பர் க்ளூ ஜெல்லும் கல்தூளும். கருங்கல் சுவர் கட்டும் கொத்தனார் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சல்லி வைத்து ஆப்படிப்பது போலத்தான் வேலை. முதலில் இரண்டு கல்லையும் மூன்று புள்ளியிலாவது தொடும்படி திருப்பித் திருப்பிப் பாருங்கள். ‘டக்’ என்று உட்காரும் ஒரு நிலை இருக்கும். அங்கே பென்சிலால் குறித்துவிட்டு, தொடும் புள்ளிகளில் ஜெல்லைப் பிதுக்கி அழுத்துங்கள். பிறகு இணைப்பைச் சுற்றியுள்ள இடுக்கில் கல்சில்லைத் திணித்து, அதன்மேல் நீர்த்த சூப்பர் க்ளூவைச் சொட்டி, உடனே காய்ந்த ஆரகோனைட் தூளை (ஒருவகைச் சுண்ணாம்புத் தாது) தூவுங்கள். தூள் பட்டதும் வெண்புகை எழும், சூடு தெரியும், சில நொடியில் கல்போல் இறுகும். இன்னொரு சொட்டு, இன்னொரு தூவல். இணைப்பு கட்டைவிரல் பருமனுக்கு வரும்வரை அடுக்கடுக்காக ஏற்றுங்கள். முடிந்தபின் அங்கே ஒட்டு இருப்பதே தெரியாது.

அந்தப் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும். மொட்டைமாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ செய்யுங்கள். பருத்திக் கையுறை கூடவே கூடாது. சூப்பர் க்ளூ பஞ்சிலோ பருத்தியிலோ பட்டால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எபாக்ஸி களிமண்ணைத் தனியாக நம்பாதீர்கள். அது இடுக்கை நிரப்பும், ஆனால் பிடிக்காது. மேலும் கீழும் ஜெல், நடுவில் எபாக்ஸி என்று வைத்தால் இரண்டின் குணமும் சேரும். கட்டடச் சிமெண்டில் ஒட்டுகிறவர்களும் உண்டு. வலு நிறையவே இருக்கும். ஆனால் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு பி.ஹெச். அளவைத் தூக்கிவிடும் என்பதால், பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, துண்டைத் தூக்கிக் கையில் குலுக்குங்கள். அடுத்து, பவளம் வளரப்போகும் நுனியை உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். எங்காவது ‘கிறீச்’ என்ற சத்தம் கேட்டால் அந்த ஒட்டைப் பிரித்து மறுபடி செய்யுங்கள். கடல் முள்ளெலியும் (அர்ச்சின்) பெரிய டர்போ நத்தையும் இரவெல்லாம் முட்டித் தள்ளும். நம் கைக்குத் தாங்காத ஒட்டு அவற்றுக்கும் தாங்காது.

படி 7: தொட்டிக்குள் இறக்குவது

முதலில் கல், பிறகு மணல். இந்த வரிசையை மாற்றக் கூடாது. மணல்மேல் கல் வைத்தால், வாட்ச்மேன் கோபியும் அதன் கூட்டாளி பிஸ்டல் இறாலும் அடியில் சுரங்கம் வெட்ட, ஒரு நாள் கல் சாயும், கண்ணாடியும் உடையலாம். கல் நேராக அடிக்கண்ணாடியில் நிற்க வேண்டும். சுமை ஒரே கூர்முனையில் இறங்காமலிருக்க, கல்லுக்கு அடியில் மட்டும் 5 மி.மீ. அக்ரிலிக் பலகையை வெட்டிப் போடுங்கள். அடித்தளம் முழுக்கப் பிளாஸ்டிக் கட்டத்தட்டு பரப்பும் பழக்கம் எனக்கு ஒப்புதலில்லை. மணலை அலைக்கும் மீன்கள் அதை வெளிக்கொண்டுவந்துவிடும், கட்டங்களுக்குள் அழுக்கும் தங்கும்.

கல் நின்றபின் மேக்னட் கிளீனரை நான்கு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். கை முழங்கைவரை பின்னால் போகிறதா என்று பாருங்கள். பிறகு கல்லைச் சுற்றி மணலை 4 முதல் 5 செ.மீ. கொட்டுங்கள்.

படி 8: நீரோட்டத்தைப் பார்ப்பது

உயிரினம் எதுவும் வருவதற்கு முன் உப்புநீர் நிரப்பி வேவ்மேக்கர்களை ஓடவிடுங்கள். மென்பவளமும் பெரிய பாலிப்பும் கலந்த தொட்டிக்கு மணிக்குக் கொள்ளளவைப் போல் 20 முதல் 40 மடங்கு, அதாவது நம் தொட்டிக்கு 9,000 முதல் 18,000 லிட்டர் சுழற்சி. அக்ரோபோரா அதிகமென்றால் இன்னும் கூட்டலாம்.

நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது; தெரியவைக்க ஒரு கரண்டி ஆரகோனைட் தூளைப் பம்ப்பின் முன் கரைத்து விடுங்கள். வெண்மேகம் ஓடையில் எப்படிப் புகுகிறது, தீவின் பின்னால் சுற்றி வருகிறதா, எந்த மூலையில் அசையாமல் தொங்கி மெல்ல உட்காருகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தூள் உட்காரும் இடத்தில்தான் நாளை கழிவும் உட்காரும். அங்கே பம்ப்பின் முகத்தைத் திருப்புங்கள். திருப்பியும் சரிவரவில்லை என்றால் கல்லைச் சற்று நகர்த்துங்கள். இப்போது நகர்த்த முடியும்.

படி 9: காத்திருப்பும் முதல் பவளமும்

அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யமாக, டிரை ராக்கில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். வெப்பம் 25–26 டிகிரி, உப்பு அளவு 1.025 (ஒப்படர்த்தி). அதற்குப் பின் வருவது பழுப்புத் தூசியாக டயட்டம் என்ற நுண்பாசி, பிறகு முடிப்பாசி. சில தொட்டிகளில் டைனோஃபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற நுண்ணுயிர் சளியாகப் படியும். பாறை அசிங்கமாகத் தெரியும் இந்த மாதங்களில்தான் பலர் கல்லை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவி, வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவைக் கொல்கிறார்கள். கல்லை உள்ளேயே விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, குழாயால் உறிஞ்சி எடுங்கள், நத்தைகளைச் சேருங்கள், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போகாமல் பாருங்கள். இரண்டும் இல்லாத தண்ணீரில்தான் டைனோ தலைதூக்கும். ஊதாநிறக் கோரலைன் பாசி புள்ளி புள்ளியாக வரத் தொடங்கினால் கல் உயிர்பெற்றுவிட்டது.

முதல் துண்டுகளை ஒட்டும்போது, ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் ஒரு சாண் வெற்றுக் கல் விடுங்கள். ஹேமரும் அதன் உறவான ஃப்ராக்ஸ்பான் பவளமும் ஒன்றையொன்று பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், டார்ச்சைத் தள்ளியே வையுங்கள். உச்சியின் விளிம்பில் ஒட்டுவதைவிட உச்சிக்குச் சற்றுக் கீழே சரிவில் ஒட்டினால் அக்ரோபோரா வெளிநோக்கியும் மேல்நோக்கியும் கிளைக்கும்; கல்லின் வெளிக்கோடும் தெரியும். ஓடையில் எதையும் வைக்காதீர்கள். கிளைகள் ஓடையின் நடுவுக்கு வந்தாலோ முன்கண்ணாடிக்கு 5 செ.மீ. நெருங்கினாலோ எலும்பு வெட்டும் கத்தரியால் நறுக்கி, அந்தத் துண்டைத் தனி ஃப்ராக்காக (வளர்ப்புத் துண்டாக) ஒட்டி, பக்கத்துத் தொட்டிக்காரருக்குக் கொடுங்கள்.